மூன்றாவது ஜிப் முறுக்கிக்கொள்ளவில்லை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மூன்றாவது ஜிப்பை (மாடல் கிரேனின் நீட்டிய கை) ஜிக்கிலிருந்து, அதாவது கம்பிகளைப் பிடித்து வைக்கும் சட்டத்திலிருந்து, எடுத்துக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தேன். நான்கு மூலையும் படிகிறது, நுனியில் மட்டும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் சந்து. போதும், இதற்கு மேல் என்னால் ஆகாது. முதல் இரண்டும் முறுக்கு பிழிந்த மாதிரி வந்து இப்போது ஈயக் குப்பை டப்பாவில் கிடக்கின்றன.

1/144 அளவில், நிலவுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் ஏவுகோபுரத்தை மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். கோபுரம் மட்டும் 380 அடி, அதாவது இந்த அளவில் 80 சென்டிமீட்டர்; அடி மேடை, அதைத் தாங்கும் தூண்கள், உச்சிக் கிரேன் எல்லாம் சேர்த்தால் 94. கோபுரம் எழும்பியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். உச்சியில் சுத்தியல் தலை மாதிரி நிற்கும் ஹேமர்ஹெட் கிரேன்தான் மூன்று மாதத்தைத் தின்றுவிட்டது.

முதல் ஜிப் முறுக்கியதற்கு முன்னாலேயே ஒரு தப்பு நடந்திருந்தது. ஒரு போட்டோவை வைத்து நீளத்தை அளந்தேன், படம் எடுத்த கோணத்தில் அது குறுகித் தெரிகிறது என்று உறைக்கவில்லை. கொக்கியை நுனி வரை தள்ளினாலும் ராக்கெட்டின் நடுவுக்கு வரவில்லை. அப்புறம்தான் எண்களைத் தேடி எடுத்தேன். கோபுரத்தின் மையத்திலிருந்து ராக்கெட்டின் மையம் சுமார் 80 அடி, கொக்கி போகக்கூடியது 85 அடி வரை. நம் அளவில் 169 மில்லிமீட்டரும் 180 மில்லிமீட்டரும். ஆக உண்மையான கிரேனில் கொக்கி ராக்கெட்டின் உச்சியைத் தாண்டி இன்னும் ஒரு ஐந்தடி போகும், நான் செய்தது பாதி வழியிலேயே நின்றது.

அதைவிட சுவாரசியம் தூக்கும் எடையில் இருக்கிறது. 50 அடிக்குள் 25 டன், 50 முதல் 85 அடி வரை வெறும் 10 டன். அப்படியென்றால் ராக்கெட்டுக்கு நேர் மேலே வரும்போது அது பத்து டன் கிரேன்தான். இதை வைத்துத்தான் ராக்கெட்டையே அடுக்கினார்கள் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், நண்பர் ஒருவரிடம் பந்தயம்கூட கட்டினேன் (காபிதான், கொடுத்துவிட்டேன்). அடுக்கியது எல்லாம் கென்னடி விண்வெளி மையத்தின் அசெம்ப்ளி கட்டடத்துக்குள், 175 டன்னும் 250 டன்னும் தூக்குகிற பாலக் கிரேன்களால். நின்றபடியே கோபுரம், மேடை, ராக்கெட் மூன்றையும் கிராலர் என்ற ராட்சத வண்டி சுமந்து ஏவுதளத்துக்குக் கொண்டுபோனது. உச்சிக் கிரேனின் வேலை கோபுரத்துக்கு வேண்டிய கருவிகளையும் பாகங்களையும் ஏற்றி இறக்குவது. ஆள் மேலே ஏறி உட்கார வேண்டிய கட்டாயமும் இல்லை, மேடையிலும் கோபுரத்திலும் பல இடங்களிலிருந்து ரிமோட்டில் இயக்க முடிந்தது. அதற்கு முந்தைய சிறிய ராக்கெட்டான சாட்டர்ன் 1 காலத்தில் கதை வேறு, அதை ஏவுதளத்திலேயே, நகரும் சர்வீஸ் கோபுரத்தின் கிரேனை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். குழப்பம் எனக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

சரி, ஈயப் பற்றவைப்புக்கு வருகிறேன். 0.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, ஒரு ஜிப்புக்குக் குறுக்குக் கம்பிகள் மட்டும் எண்பத்தி நான்கு. ஒன்றைப் பற்றவைத்தால் பக்கத்து இணைப்பு இளகி விழும், அதைச் சரிசெய்தால் இன்னொன்று. முதல் தடவை ஒரு முனையில் ஆரம்பித்து வரிசையாகப் போனேன், சூடும் என்னோடு வரிசையாக வந்தது, எல்லாக் கம்பியும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டது. இரண்டாவதில் சூடு பரவாமல் இருக்க இணைப்புக்கு இணைப்பு ஈரப் பஞ்சு வைத்தேன். ஈயம் பிடிக்கத் தடவும் ஃபிளக்ஸைப் பஞ்சுத் தண்ணீர் கழுவிவிட்டதால் பாதி இணைப்புகள் வெறுமனே ஒட்டியிருந்தன, தொட்டதும் வந்துவிட்டன. மூன்றாவதுக்குப் பஞ்சை விட்டுவிட்டு, இணைப்பின் இருபுறமும் தலைமுடிக்குக் குத்தும் அலுமினியம் கிளிப்பை மாட்டினேன், நுனியில் ஒன்று, அடியில் ஒன்று, நடுவில் ஒன்று என்று தாவித் தாவிப் பற்றவைத்தேன், ஒவ்வொன்றுக்கும் நடுவே நூறு வரை எண்ணினேன். நான்கு ராத்திரி ஆனது. கிளிப் வீட்டில் யாருடையது என்று கேட்காதீர்கள்.

சுழலும் வேலையில் ஒரு வேடிக்கை. உண்மையான கிரேன் இரண்டு பக்கமும் முழு வட்டம் சுற்றும், நிமிடத்துக்கு ஒரு சுற்று. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் கடிகாரத்தின் விநாடி முள்! உடனே ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து அதன் மெஷினை உச்சியில் வைத்தேன். டிக் டிக் என்று மூன்று தடவை நகர்ந்தது, பிறகு ஒரே இடத்தில் நின்று துடித்தது. விநாடி முள்ளைத் தூக்கத்தான் அதற்குத் தெம்பு. இப்போது பொம்மைக் காரில் போடும் கியர் மோட்டாரைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுகிறேன், பேரிங் பழைய ஃபிட்ஜெட் ஸ்பின்னரிலிருந்து எடுத்தது. வால் பக்கம் தூண்டில் ஈயக் குண்டுகளை வைத்துச் சமன் செய்ததும் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது.

கொக்கியும் இயங்க வேண்டும் என்று ஆசை. பத்து டன்னோடு நிமிடத்துக்கு 110 அடி, 25 டன்னோடு 46 அடி ஏறும். நம் அளவில் முதல் வேகமே விநாடிக்கு 4 மில்லிமீட்டர், உச்சியிலிருந்து மேடைக்கு இறங்க மூன்றரை நிமிடம் ஆகும். யார் நின்று பார்ப்பார்கள்? நான் பார்ப்பேன். ஆனால் நைலான் நரம்பு சுருண்ட புத்தியை விடவில்லை, கொக்கிக்கு அதை நேராக இழுக்கும் எடையும் இல்லை. கிட்டார் முதல் தந்தியை முயன்றேன், அது இன்னும் மோசம். அடுத்தது பட்டு நூல்.

கம்பியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் ஒரு கடையில் அரை மில்லி என்று வாங்கியதை வெர்னியர் அளவுகோலில் வைத்தால் 0.62. திருப்பி அனுப்பினால் வெட்டிய கம்பி என்று மறுத்துவிட்டார்கள். வெட்டி அனுப்பியதே அவர்கள்தான். அளந்து கொடுக்கும் கடையில் வாங்குங்கள், விலை கூட இருந்தாலும்.

இது முடியும் முன்பே மனம் அடுத்த கோபுரத்துக்குப் போய்விட்டது. ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் காலத்தில் பறந்த சாட்டர்ன் 1பி ராக்கெட் குள்ளமாக இருந்ததால், மேல்தளக் கைகள் எட்டுவதற்காக 128 அடி உயரப் பீடம் ஒன்றின் மேல் அதை நிறுத்தினார்கள், மில்க்ஸ்டூல் (பால் கறக்க உட்காரும் ஸ்டூல்) என்று பெயர். நம் அளவில் 27 சென்டிமீட்டர். அதைச் செய்தால் இதே கோபுரம், இதே கிரேன் போதும். கோபுரத்திலிருந்து ராக்கெட்டுக்கு நீளும் ஒன்பது கைகளில் (ஸ்விங் ஆர்ம்) நான்குதான் ஆகியிருக்கின்றன என்பதை வீட்டில் நினைவூட்டினார்கள்.

ஐந்தாவதற்குக் கம்பி வெட்டி வைத்திருக்கிறேன், 0.62 கம்பியில்தான்.