ஹோல்ட்டர் ரிப்போர்ட்டில் மணி போட்டிருக்கிறதா பாருங்கள்

அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) ஹோல்ட்டர், அதாவது ஒரு நாள் முழுக்க உடம்பில் மாட்டி ஈசிஜி பதியும் கருவி, வைத்து எடுத்ததில் குறைந்தபட்சத் துடிப்பு நிமிடத்துக்கு 34, இடையிடையே துடிப்பே இல்லாமல் 2.8 விநாடி வரை நிறுத்தம் என்று வந்தது. காரைக்குடியில் பார்த்த டாக்டர், "பேஸ்மேக்கர் வச்சிடலாம், தேதி சொல்லுங்க" என்றார். மயக்கம், தலைசுற்றல் எதுவும் வராத மனிதர். மனசு கேட்காமல் மதுரைக்குக் கிளம்பினோம்.

மதுரை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இது எத்தனை மணிக்கு?" எங்களிடம் இருந்ததோ ஒற்றைத்தாள் சுருக்கம். மணி வாரியான அட்டவணையும், நிறுத்தம் விழுந்த இடத்து ஈசிஜியும் வேண்டுமாம். ஊருக்குத் திரும்பி லேபில் கேட்டால், "அதான் ரிப்போர்ட் கொடுத்தாச்சே" என்ற கவுன்டர்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. டெக்னீசியன் வரும்வரை நகராமல் நின்றேன். கம்ப்யூட்டரில் முழுசாக இருந்தது! பிரின்டரில் மை இல்லை என்றார்கள். பென் டிரைவில் வாங்கி வெளியே பிரின்ட் போட்டேன்.

அத்தனை நிறுத்தமும் இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில். பகலில் ஒன்றுகூட இல்லை.

"குறட்டை உண்டா?" என்றார் மதுரை டாக்டர். உள்ளே வளவில் படுத்தால் வாசல் முகப்பு வரைக்கும் கேட்கும் என்றார்கள் ஆத்தா. தூக்கத்தில் துடிப்பு 40-களுக்கு இறங்குவது நல்ல உடம்பிலும் உண்டு. தொண்டை அடைத்து மூச்சு நின்றால் ஆக்சிஜன் குறைந்து, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு அதை இன்னும் இழுத்துப் பிடிக்கும். மூச்சு திரும்பியதும் துடிப்பு எகிறும். இரவில் மட்டும் துடிப்பு குறைகிறவர்களுக்கு முதலில் தூக்க மூச்சடைப்பு இருக்கிறதா பார்க்கச் சொல்கிறது 2018 அமெரிக்க வழிகாட்டுதல். வேறு தொந்தரவு இல்லாவிட்டால் இதற்காகப் பேஸ்மேக்கர் வேண்டாம் என்றும் சொல்கிறது. பகலிலேயே மயங்கி விழுகிறவர்கள் கதை வேறு, எங்களைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

கோலாலம்பூர் பங்காளி ஒருவர், பேஸ்மேக்கர் வைத்தால் மூச்சடைப்பே குறையுமாமே என்று வாட்ஸப்பில் அனுப்பினார். 2002-இல் பிரான்ஸிலிருந்து அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை.

அப்பச்சிக்கு மூச்சடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, இரவு தங்கித் தூங்கவைத்து எடுக்கும் தூக்கப் பரிசோதனைக்குப் போனோம். அன்று சனிக்கிழமை. அப்பச்சி வழக்கம்போல் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். தலையில் ஒட்டும் எலக்ட்ரோடு ஒன்றும் நிற்கவில்லை. "எண்ணெய் வைக்கக்கூடாதுன்னு தெரியாதா?" என்று எங்களுக்கே திட்டு. அவர்கள் கொடுத்த சீட்டில் சாப்பாடு, லுங்கி, துணைக்கு ஒரு ஆள் என்று எல்லாம் இருந்தது, எண்ணெய் மட்டும் இல்லை. எடுத்துக் காட்டியதும் பேச்சில்லை. ஆனாலும் வேறு தேதிதான். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பொதுவாக இன்சூரன்ஸ் தராது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. 30-க்கு மேல் போனாலே கடுமை. தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை அடைக்காமல் வைக்கும் சிபாப் மெஷின் போட்டார்கள். சில வாரம் கழித்து எடுத்த ஹோல்ட்டரில் நிறுத்தம் ஒன்றும் இல்லை. இந்த முறை எல்லாப் பக்கமும் கைக்கு வந்த பிறகுதான் பணம் கட்டினேன்.

டாக்டரிடம் போகும்போது கண் சொட்டு மருந்தையும் எடுத்துப் போங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டுக்கூடத் துடிப்பைக் குறைக்கும். மெஷினை வாங்குமுன் வாடகைக்கு எடுத்து, மாஸ்க் முகத்துக்குச் சரியாக உட்காருகிறதா பாருங்கள். எங்களுக்கு முதலில் தந்தது பெரிய சைஸ், ராத்திரி முழுக்கக் காற்று கண்ணுக்குள் அடித்தது.