அது ஏன் அங்கே இருக்கிறது? குழந்தைகளோடு செய்து பார்த்தவை

சிங்கத்தைக் காட்டோடும், ஒட்டகத்தைப் பாலைவனத்தோடும், மீனைத் தண்ணீரோடும் பொருத்தும் பட அட்டை விளையாட்டை நாலு வயதுக் குழந்தைகூடச் சரியாக விளையாடிவிடும். ஆனால் "ஒட்டகம் ஏன் அங்கே இருக்கு?" என்று கேட்டால் பதில் வராது. வர வாய்ப்பும் இல்லை, அந்தக் குழந்தை ஒட்டகத்தையும் பார்த்ததில்லை, பாலைவனத்தையும் பார்த்ததில்லை. அதனால் அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, நடந்து போய்ப் பார்க்கக்கூடிய உயிர்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். அக்கம்பக்கத்துக் குழந்தைகள், நாலிலிருந்து ஏழு வயது வரை. எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: அது ஏன் இங்கே இருக்கிறது, அங்கே ஏன் இல்லை?

முதலில் ஒரு தட்டையான கல். கல்லைப் புரட்டும் வேலை எப்போதும் பெரியவர்களுடையது. குழந்தைகள் ஓர் அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். நம் பக்கமாக உயர்த்தினால், அடியில் தேளோ பூரானோ இருந்தாலும் எதிர்ப்பக்கமாக ஓடிவிடும். புரட்டுவதற்கு முன் எல்லோரும் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். வெயிலில் சுட்டது. புரட்டிய பிறகு, எதுவும் ஊராத ஓரமாகப் பார்த்து அந்த மண்ணில் கையை வைத்தார்கள். சில்லென்று ஈரம். ஒரே கல்லின் மேலும் கீழும் இரண்டு வேறு இடங்கள் என்பதைக் கையே சொல்லிவிட்டது, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கே எறும்புக் கூடும் இருந்தது. வெளிச்சம் பட்டதுமே வெள்ளையாக இருந்ததைக் கவ்விக்கொண்டு எறும்புகள் உள்ளே ஓடின. எறும்பு முட்டை என்று நாம் சொல்பவற்றில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிபவை பெரும்பாலும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான், முட்டை மிகவும் பொடியாக இருக்கும். "பாப்பாவத் தூக்கிட்டு ஓடுது" என்றாள் ஒருத்தி. சரியாகத்தான் சொன்னாள். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே மெதுவாக வைத்துவிட வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம் மண்புழு. ஒரு தட்டில் பாதிக்கு ஈரக் காகிதம், பாதிக்குக் காய்ந்த காகிதம், நடுவில் புழு. கையை நனைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும், சில நிமிடங்களில் மண்ணில் விட்டுவிட வேண்டும். புழு தலையை இப்படியும் அப்படியும் நீட்டிப் பார்த்துவிட்டு ஈரத்தின் பக்கம் போனது. மறுபடி வைத்தாலும் அதே. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோல் வழியாகத்தான் சுவாசம். தோல் காய்ந்துவிட்டால் மூச்சு விட முடியாது. இதைச் சொன்னதும் ஐந்து வயதுப் பையன் ஒருவன், "அப்ப அதுக்கு உடம்பு பூரா மூக்கா மாமா?" என்றான். பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பல ஆண்டுகள் கவனித்து 1881-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். பக்கத்தில் பியானோவைச் சத்தமாக வாசித்தபோது புழுக்கள் கண்டுகொள்ளவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் வளைக்குள் இழுத்துக்கொண்டன. இந்தக் கதையைச் சொன்ன பிறகு குழந்தைகளைச் சும்மா உட்காரவைக்க முடியுமா? இருட்டியதும் மண் நிரப்பிய கண்ணாடி ஜாடியைச் சுற்றி உட்கார்ந்தோம். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டியிருந்தோம், சிவப்பு வெளிச்சம் மண்புழுவை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. புழு பாதி வெளியே வந்ததும் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அது அசையவில்லை. மேசையை ஒரு விரலால் தட்டினோம், உடனே உள்ளே போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது எலுமிச்சைச் செடிதான். செடி ஒரு பாடம், பூச்சி வேறு பாடம் என்று பிரித்துச் சொல்லித்தருவது எனக்கு ஒப்பாது. அதற்கு இந்தச் செடி ஒன்றே போதும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இலையில் முன்கால்களால் தட்டிப் பார்க்கும், காலாலேயே ருசி தெரியும் அதற்கு. தன் குட்டிக்கு ஏற்ற இலைதான் என்று தெரிந்த பிறகே குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போகும். சில நாளில் புழு வரும். பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் போலவே கிடக்கும். குழந்தைகளிடம் "இதில் புழு எது, எச்சம் எது?" என்று கேட்டேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. தின்னப் பார்க்கும் குருவிக்கும் அதே குழப்பம்தானே வரும், அதனால்தான் புழு பிழைக்கிறது என்பது அப்போதே புரிந்துவிட்டது.

தோலுரித்து வளர்ந்ததும் அதே புழு பச்சையாகி இலையோடு இலையாகிவிடும். புல் நுனியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும், நெடியடிக்கும். ஒரு முறை காட்டினால் போதும், திரும்பத் திரும்பச் சீண்டக் கூடாது. ஒரு புழுவின் பக்கத்தில் வேறொரு செடியின் இலையை வைத்தோம். அதன் மேல் ஏறி நடந்து, ஒரு கடிகூடக் கடிக்காமல், எலுமிச்சை இலைக்கே திரும்பிவிட்டது. அதற்கு உலகமே இந்தச் செடிதான். கூட்டுப்புழுவாகும்போது மட்டும் சில செடியைவிட்டு நகர்ந்துவிடும். பச்சைத் தண்டில் தொங்கியது பச்சையாக இருந்தது, பக்கத்துக் காய்ந்த குச்சியில் இருந்தது பழுப்பு.

கூட்டுப்புழுக்களில் ஒன்றிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை. பக்கவாட்டில் சிறு ஓட்டை, அதிலிருந்து பொடிக் குளவிகள் ஒவ்வொன்றாக வந்தன. சில குளவிகள் கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் உள்ளேயே தின்று வளரும். இதை மறைப்பதா, சொல்வதா என்று பெற்றோர்கள் சிலர் கேட்டார்கள். சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். "செத்துப்போச்சா?" என்று ஒரு குழந்தை கேட்டது. ஆமாம் என்றேன். ஒருத்தி அழுதாள். அழுது முடித்ததும் அவளே கண்ணாடியை வாங்கி அந்த ஓட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். செடி புழுவுக்கு வீடு, புழு குளவிக்கு வீடு. இதையெல்லாம் ஒளித்துவிட்டு வண்ணத்துப்பூச்சியை மட்டும் காட்டினால் அழகான படம் கிடைக்கும், ஆனால் செடியில் நடப்பதில் பாதி தெரியாமலே போய்விடும்.

மண்புழுவுக்கு நேரெதிர் குழியானை, குழிக்குள் வழுக்கி விழும் எறும்பைப் பிடித்துத் தின்னும் சிறு பூச்சி. மழை படாத கூரை ஓரத்தில், மாவாகக் காய்ந்த மண்ணில்தான் குழி பறிக்கும். சரளையும் நைஸான மணலுமாக ஒரு தட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் விட்டோம், பின்பக்கமாகவே நடந்து மணலுக்குப் போய் மறைந்தது. சரளையில் சரிவு நிற்காது, சரிவு இல்லாவிட்டால் எறும்பு வழுக்கி விழாது. இறக்கை முளைத்ததும் பார்க்கத் தும்பி மாதிரி இருக்கும் என்பதை ஒருவரும் நம்பவில்லை, காட்ட இன்னும் கிடைக்கவில்லை.

பெயர்களை நான் முதலில் சொல்வதில்லை. பெயர் தெரிந்ததும் குழந்தை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. எங்கே இருந்தது, என்ன செய்தது, என்ன தின்றது என்று மூன்றும் சொன்ன பிறகுதான் பெயர். சின்னதுகளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பொறுமை இருக்காது, அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. முடிந்ததும் கை கழுவல், அதில் விலக்கே இல்லை.

எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் வரைபடமாக வரைந்துவருகிறோம். ஈரமான இடம் நீலம், காய்ந்த இடம் பழுப்பு, நிழலுக்குச் சாம்பல் நிறம். யாரை எங்கே பார்த்தோமோ அங்கே அவரவர் கையால் படம். மண்புழுக்கள் நீலத்திலேயே குவிந்திருப்பதையும், பழுப்பில் குழியானைக் குழிகள் மட்டும் வட்டம் வட்டமாக இருப்பதையும் அவர்களே விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.

மழைக்காலம் வந்ததும் இதே படத்தின் மேல் மெல்லிய தாள் ஒன்றை வைத்துப் புதிதாக வரையப்போகிறோம். குழிகள் காணாமல் போய்விடும் என்கிறாள் ஒருத்தி. கூரைக்கு இன்னும் உள்ளே தள்ளிப் போகும் என்கிறான் இன்னொருவன். இரண்டையும் படத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.