லெக்சரெட்டில் ராணுவத் தலைப்பு வந்தால்: என் எஸ்.எஸ்.பி. அனுபவம்

முப்படைகளில் அதிகாரியாகச் சேர்வதற்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் பாஸ் ஆகி, அடுத்து எஸ்.எஸ்.பி. என்கிற ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்குப் போகப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஐந்து நாள் கதையையும் சொல்லப் போவதில்லை, அதில் வரும் லெக்சரெட் என்ற சிறு பேச்சுச் சுற்றை மட்டும் சொல்கிறேன். கையில் ஒரு அட்டை தருவார்கள், அதில் நாலு தலைப்பு இருக்கும், ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று நிமிடம் யோசித்து, மூன்று நிமிடம் குழுவுக்கு முன்னால் பேச வேண்டும்.

முதல் தடவை எனக்கு வந்த நாலில் 'பிராந்தியப் பாதுகாப்பில் ராணுவத்தின் பங்கு' இருந்தது. தெரிந்த விஷயம்தானே என்று அதையே எடுத்தேன். எல்லையைக் காக்கிறது, தீவிரவாதத்தை ஒடுக்குகிறது, வெள்ளம் வந்தால் மக்களை மீட்கிறது... ஒரு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. அப்புறம் சொன்னதையே திரும்பச் சொன்னேன். சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் நம் நாட்டுப் பாதுகாப்பு வேறு, அக்கம்பக்கத்து நாடுகளையும் சேர்த்துப் பார்க்கிற பிராந்தியப் பாதுகாப்பு வேறு என்பதே எனக்கு அப்போது பிடிபடவில்லை.

எங்கள் ஊர் சோமனூர் பக்கம், வீட்டை ஒட்டியே தறி. பெரியப்பா ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், 1987இல் இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். நடந்ததைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "யாரு சொல்லி நாங்க அங்க போனோம்னு தெரியுமா கண்ணு? நாங்களா கெளம்பிப் போனமா?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தபோதுதான் தெளிவு வந்தது. நம் நாட்டில் ராணுவம் தானாக எங்கும் போவதில்லை. அரசமைப்பின் 53ஆவது பிரிவுப்படி முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது, முடிவெடுப்பது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. எல்லையில் சண்டை என்றால் வேலை என்னவென்று தெளிவாக இருக்கும். பக்கத்து நாட்டுக்குள் போகும்போதுதான் யார் கூப்பிட்டார்கள், எதற்காக, எப்போது திரும்புவது என்ற மூன்றும் முக்கியமாகிறது.

இதற்கு இரண்டு உதாரணங்களை எப்போதும் ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்க முயற்சி நடந்தது, அதிபர் கயூம் உதவி கேட்டார், அன்றிரவே ஆக்ராவிலிருந்து பாராசூட் படையினர் ஹுல்ஹுலே தீவில் போய் இறங்கினார்கள். அதிபரைக் காப்பாற்றுவது என்ற ஒரே வேலை, அது சீக்கிரமே முடிந்தது. இலங்கைக்கும் அந்த நாட்டு அரசோடு போட்ட ஒப்பந்தத்தின் பேரில்தான் போனோம், 1987 ஜூலையில். அமைதி காக்கப் போன படை அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இருந்தது. 1990 மார்ச்சில் திரும்பியபோது நம் வீரர்கள் 1,000 பேருக்கும் மேல் உயிரோடு இல்லை, அங்கிருந்த தமிழ்ச் சனங்களும் நிறையப் பேர் செத்துப்போனார்கள். "போன வேலை ஒண்ணு, செஞ்ச வேலை வேறொண்ணு" என்பதற்கு மேல் பெரியப்பா இதைப் பற்றிப் பேச மாட்டார். இன்டர்வியூவில் கருத்துக் கேட்டால் இரு பக்க இழப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள், மழுப்பினால் உடனே தெரிந்துவிடும்.

நேபாள நிலநடுக்கத்தில் 2015இல் செய்த 'ஆபரேஷன் மைத்ரி', இலங்கையோடு நடத்தும் 'மித்ர சக்தி' கூட்டுப் பயிற்சி, இவை ஒவ்வொரு வரி போதும்.

நம் ஊர்ப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கோவை பக்கத்துச் சூலூர் விமானப்படைத் தளத்தைச் சொன்னாலே அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். தேஜஸ் போர் விமானங்கள் இருக்கின்றன, 2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' பயிற்சிக்காக ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானப்படைகள் அங்கேதான் வந்திறங்கின. நீலகிரி மலையேறினால் வெலிங்டன், அங்குள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் நம்மவர்களோடு சேர்ந்து படிக்கிறார்கள். நாளைக்கு ஒரு நெருக்கடி வந்தால் அந்தப் பழக்கம் எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள், பிராந்தியப் பாதுகாப்பை இதைவிடப் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியாது.

ஆங்கிலத்தில்தான் பேசினேன், ஆனால் எதற்குப் பின் எது என்பதைத் தமிழிலேயே யோசித்து வைத்துக்கொண்டேன், அது ரொம்ப உதவியது. குரல் உள்ளுக்குள்ளேயே போகிறது என்று பெரியப்பா தறி ஓடும்போதே என்னைப் பேசச் சொல்லி, ஷெட்டின் அந்தக் கோடியில் நின்று கேட்பார். ஒரு வாரம் தினமும் சாயங்காலம் அப்படிப் பேசினேன். இரண்டாவது தடவை கிட்டத்தட்ட இதே தலைப்பு வந்தது. நேரம் முடிந்தது என்று நிறுத்தியபோது மாலத்தீவையும் யாழ்ப்பாணத்தையும் தாண்டி வெலிங்டனுக்கு வந்திருந்தேன்.