அப்பாவின் வறட்டு இருமலும் 65 மில்லி சிரப்பும்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு அம்மா போன் செய்தார். "பாப்பா, அப்பாவுக்கு ஒண்ணுக்கு வரமாட்டேங்குது. சாயந்திரத்துலேருந்து பாத்ரூமுக்குப் போய்ப் போய் நிக்கிறாரு. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு."

அப்பாவுக்கு 71 வயது. சின்னாளப்பட்டியில் நாற்பது வருடம் தறி நெய்தவர். வலி என்று வாய் திறந்து சொல்கிறவர் இல்லை. அன்றைக்கு ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் போகச் சொல்லும்மா" என்றார். ஆஸ்பத்திரியில் ட்யூப் போட்டதும் பையில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் இறங்கியது. அதற்குப் பிறகுதான் அவர் முகம் அவர் முகமாக மாறியது.

டியூட்டி டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ரெண்டு மூணு நாள்ல புதுசா என்ன மருந்து சாப்பிட்டாரு?" அம்மா மஞ்சப்பைக்குள் கையை விட்டு ஓர் இருமல் சிரப் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

நான் 11 வருடமாகத் திண்டுக்கல்லில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட். அதே வகை சிரப்பை என் கையாலேயே எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்தப் பாட்டில் என் கடையில் வாங்கியதில்லை. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, அப்பா சனிக்கிழமை காலையில் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கடையில் "வறட்டு இருமலுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். கொடுத்தவர் ஒன்றும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்ட நேரத்தில் நானும் கேட்காமல் கொடுத்திருக்கிறேன்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து லேபிளைப் படித்தேன். 5 மில்லியில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் 10 மி.கி., குளோர்பெனிரமின் 2 மி.கி., பினைலெப்ரின் 5 மி.கி. மூன்று மருந்து. 100 மில்லி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் இருந்தது. குழம்புக் கரண்டி அளவுக்கு இருக்கும் ஒரு பழைய எவர்சில்வர் ஸ்பூனில் ஊற்றிக் குடித்திருக்கிறார். சுமார் 65 மில்லி என்றால் பதின்மூன்று தடவை 5 மில்லி. இரண்டு நாளில் குளோர்பெனிரமின் 26 மி.கி., பினைலெப்ரின் 65 மி.கி. உள்ளே போயிருக்கிறது. ஒரு முப்பது வயதுக்காரருக்கு இது தூக்கத்தைக் கொடுத்து, வாயைக் காயவைத்ததோடு போயிருக்கலாம். அப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீக்கம், அதாவது மூத்திரக் குழாயைச் சுற்றியிருக்கிற சுரப்பி வீங்கி அதை நெருக்குகிற பிரச்சினை இருக்கிறது. இரண்டு வருடமாக அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

குளோர்பெனிரமின் அலர்ஜி மருந்து. அது தும்மலை அடக்குவதோடு, மூத்திரப்பையைச் சுருங்கச் செய்கிற நரம்புச் செய்தியையும் மங்க வைக்கும். பினைலெப்ரின் மூக்கடைப்புக்காகச் சேர்த்தது. ரத்தக் குழாயை இறுக்குவதுதான் அதன் வேலை. மூத்திரப்பையின் வாசல் தசையையும் அது இறுக்கக்கூடும், பிரஷரையும் ஏற்றக்கூடும். ஏற்கெனவே பாதி அடைத்திருக்கிற வாய்க்காலில் ஒன்று நீரோட்டத்தைக் குறைக்கிறது, இன்னொன்று மடையை மூடுகிறது.

என்னை இன்றைக்கும் உறுத்துவது இதுதான்: அப்பாவுக்கு மூக்கடைப்பே இல்லை. தும்மலும் இல்லை. தொண்டையில் ஒரு குறுகுறுப்பு, ராத்திரியில் விடாத வறட்டு இருமல், அவ்வளவுதான். மூளையில் இருமலைக் கிளப்புகிற இடத்தை அடக்குவது டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். அந்த ஒன்றைத்தான் அவர் தேடிப் போனார். தேவையே இல்லாத மற்ற இரண்டும்தான் அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தன. அதிலும் வாய்வழி சாப்பிடுகிற பினைலெப்ரின் மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று 2023 செப்டம்பரிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு சொல்லிவிட்டது. பலனே சந்தேகமான மருந்து, ஆனால் பக்கவிளைவு மட்டும் நிச்சயமாக ஆளைத் தேடி வருகிறது. எனக்கு அதில் கோபம் உண்டு.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் அப்பாவின் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். மூன்று மாதம் முன்னால் பிரஷருக்காக எனலாபிரில் ஆரம்பித்திருந்தார்கள். "இருமல் எப்ப ஆரம்பிச்சது ஐயா?" என்று கேட்டார். அப்பா யோசித்து, "மாத்திரை தொடங்கி ஒரு மாசத்துல" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அந்த எனலாபிரிலை மாதாமாதம் என் கடையிலிருந்து எடுத்துப்போய்க் கொடுத்தது நான். எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில் என்று 'பிரில்' என முடிகிற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்று டி.பார்ம் படிக்கும்போதே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கிற என்சைமை இந்த மாத்திரை தடுக்கிறது. அந்தப் பொருள் தேங்கி, மூச்சுக்குழாயைக் கிளறிக்கொண்டே இருக்கும். எத்தனை பாட்டில் சிரப் ஊற்றினாலும் அந்த இருமல் நிற்காது. டாக்டர் மாத்திரையை டெல்மிசார்டன் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். மூன்றாவது வாரத்தில் அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கினார். யாராவது இதைப் படித்துவிட்டு பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் "இந்த மாத்திரைக்கு அப்புறம்தான் இருமல்" என்று சொன்னால் போதும், மாற்று இருக்கிறது.

அன்றிலிருந்து கவுன்ட்டரில் என் வழக்கம் மாறிவிட்டது. இருமல் சிரப் கேட்டால் பாட்டிலுக்குக் கை நீட்டுவதற்கு முன் கேட்கிறேன்: சளி வருதா, வரலையா? எத்தனை நாளா? வேற என்ன மாத்திரை ஓடுது? சிலர் எரிச்சல்படுகிறார்கள். "அஞ்சு நிமிஷத்துல பஸ்ஸு இருக்கு, அக்கா" என்கிறார்கள். பரவாயில்லை.

சளி வருகிறது என்றால் இருமலை அடக்கவே கூடாது. வெளியே வரவேண்டியது நெஞ்சுக்குள் தங்கிவிடும். சளியை இளக்குகிற மருந்தையும் இருமலை அடக்குகிற மருந்தையும் ஒரே பாட்டிலில் கலந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 2023 ஜூனில் மத்திய அரசு தடைசெய்த 14 கூட்டு மருந்துகளில் சளியை இளக்குகிற புரோம்ஹெக்சினும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் சேர்ந்த கலவைகளும் இருந்தன. வீட்டு அலமாரியில் பழைய பாட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

வேறு மாத்திரை பற்றிய கேள்விக்கு ஜனங்கள் பெரும்பாலும் "சுகர், பிரஷர்" என்று நிறுத்திக்கொள்வார்கள். மனச்சோர்வுக்குச் சாப்பிடுகிற மாத்திரையைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். புளுஆக்சடின், எஸிடலோபிராம் மாதிரி மருந்துகளோடு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் சேர்ந்தால், மூளையில் செய்தி கடத்துகிற செரடோனின் என்ற பொருள் அளவு மீறி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் வரை போகலாம். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற செலிஜிலின், ரசாஜிலினோடு சேரவே கூடாது. அவற்றை நிறுத்தியும் இரண்டு வாரம் தாண்ட வேண்டும். மருந்துக்கு அடங்காத டிபிக்குக் கொடுக்கிற லினசோலிடுக்கும் இப்படிச் செரடோனினை ஏற்றுகிற குணம் ஓரளவு உண்டு. அந்த நோயாளிகள்தான் அதிகம் இருமுகிறவர்கள், சிரப் தேடி வருகிறவர்களும் அவர்கள்தான். அதனால் இப்போது குரலைத் தாழ்த்தி, "தூக்கத்துக்கு, மனசுக்கு, டிபிக்கு ஏதாவது மாத்திரை உண்டாண்ணே?" என்று தனியாகக் கேட்கிறேன். கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா) இருக்கிறவர்களுக்கும், அப்பாவைப் போல ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிறவர்களுக்கும் குளோர்பெனிரமின் சேர்ந்த பாட்டிலை எடுப்பதே இல்லை. லாரி ஓட்டுகிறவர்களிடம் கட்டாயம் சொல்கிறேன்: இந்தச் சிரப்பைக் குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்காதீர்கள், கண் சொருகும். மதுவோடு சேர்ந்தால் இன்னும் மோசம். கோடீன் சேர்ந்த சிரப் வேறு கதை. அது சீட்டு இல்லாமல் கிடையாது, பேரேட்டில் எழுதிவைக்க வேண்டிய மருந்து.

குழந்தைகள் விஷயத்தில் நான் இளகுவதில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனார்கள். அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதனையில் டைஎதிலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது, அனுமதி 0.1 சதவீதம்தான். அது கலப்பட விஷம், இங்கே நான் சொல்லிவருகிற மருந்துகளின் குற்றம் அல்ல. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சிரப்பே தேவைப்பட்டிருக்காது என்பதை நினைத்தால் அழுகை வருகிறது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவை நான்கு வயதுக்குக் கீழே கூடாது என்று 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்தது. சிந்த்வாராவுக்குப் பிறகு, இருமல் சளி மருந்து இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையும் சொல்லியிருக்கிறது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கப்போகும் முன் ஒரு ஸ்பூன் தேன் கொடுங்கள் என்று தாய்மாரிடம் சொல்கிறேன். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், கடைக்கு வராமல் நேரே டாக்டரிடம் போகச் சொல்கிறேன்.

இப்போது நான் கொடுக்கிற ஒவ்வொரு பாட்டிலின் மூடியிலும் 5 மில்லிக் கோட்டில் மார்க்கர் பேனாவால் கறுப்பாக ஒரு கோடு போட்டுத் தருகிறேன். மூடியில் மேடாக மட்டும் இருக்கிற அந்த அளவுக்கோடு வயதானவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்பா சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. "மூடியில கோடு இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கட்டடத் தொழிலாளி வந்தார். நாற்பது வயது இருக்கும். "அக்கா, போன தடவை குடுத்த அதே சிரப்." எத்தனை நாளாக இருமல் என்றேன். கொஞ்சம் யோசித்து, "தீவாளிக்கு முன்னாடி சென்ட்ரிங் வேலைக்குப் போனப்ப இருந்தே" என்றார். உடம்பு இளைத்திருக்கிறதா என்றேன். பேன்ட்டைப் பிடித்து இழுத்துக் காட்டினார், இடுப்பில் ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு வாங்க மாட்டார்கள் என்று சொல்லி, ஒரு தாளில் எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பாட்டில் கொடுக்கவில்லை. மனத்தாங்கலோடுதான் போனார்.

நேற்று சாயந்திரம் வந்து சளி கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ரிசல்ட் வியாழக்கிழமை.