பம்பிங் நார்மல், மூச்சுதான் வாங்குகிறது

அப்பாவுக்கு 74 வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும், சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும். எக்கோவில் இ.எஃப்., அதாவது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் பங்கு, 58%. "பம்பிங் நார்மல், வயசாச்சு இல்லையா" என்று நீர் பிரிய மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீக்கம் வடியும், மறுபடி வரும்.

அடுத்துப் பார்த்த இதய மருத்துவர் ரிப்போர்ட்டின் கடைசி வரியை விட்டுவிட்டு நடுவில் இருந்த அளவுகளைப் படித்தார். கீழறைச் சுவரின் தடிமன் 16 மி.மீ. 12 வந்தாலே ஏன் என்று பார்க்க வேண்டுமாம். பி.பி.யால் தடித்திருந்தால் இ.சி.ஜி. அலைகள் பெரும்பாலும் உயரமாக இருக்கும். அப்பாவுக்கோ குட்டை குட்டையாக. இதயம் சுருங்குவதில் பெரிய குறையில்லை, தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை. இ.எஃப். அதைக் காட்டாது என்றார்.

"ஐயா, கையில ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?"

அப்பா இரண்டு மணிக்கட்டையும் திருப்பிக் காட்டினார். விரல் மரத்துப்போகிறது என்று எப்போதோ செய்த கார்ப்பல் டனல் ஆபரேஷனின் (மணிக்கட்டு நரம்பின் அழுத்தத்தை நீக்குவது) தழும்புகள். நாங்களே மறந்துபோன விஷயம். அமிலாய்டு என்ற புரதக் கழிவு இதயத்தில் தெரிவதற்குப் பல வருடம் முன்பே மணிக்கட்டில் படிந்திருக்கலாமாம்.

இதயத்தில் அமிலாய்டு படிந்திருக்கிறதா என்று காட்டும் ஸ்கேனுக்கே நேராகப் போய்விடலாமே என்று கேட்டேன். மறுத்துவிட்டார். எலும்பு மஜ்ஜைக் கோளாறால் வரும் இன்னொரு வகை அமிலாய்டும் அந்த ஸ்கேனில் தெரியலாம். அதற்குத் தாமதிக்காமல் கீமோ தொடங்க வேண்டும். அதனால் அந்த வகைக்குக் காரணமான லைட் செயின் என்ற புரதம் இருக்கிறதா என்று ரத்தத்திலும் சிறுநீரிலும் பரிசோதனை கட்டாயம். ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கமில்லை. நல்லவேளை, அது இல்லை.

அப்புறம்தான் அந்த ஸ்கேன், பி.ஒய்.பி. என்று பெயர். கையில் ஊசி போட்டுச் சில மணி நேரம் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். விலா எலும்பைவிட இதயம் அழுத்தமாகத் தெரிந்தது, கிரேடு 3, அதாவது உச்ச அளவு. அமிலாய்டு உறுதியானது, பயாப்சி (திசு எடுத்துப் பார்ப்பது) தேவைப்படவில்லை. ஜீன் டெஸ்ட்டில் பரம்பரை வகை இல்லை என்று வந்தது. தம்பிக்கும் எனக்கும் அதில் ஒரு நிம்மதி.

பி.பி.க்கும் இதயத் துடிப்பைக் குறைக்கவும் தரும் டில்டியாசம் மாத்திரையை உடனே நிறுத்தினார்கள். இந்த நோய்க்கு அது ஆகாது. இப்போது டஃபாமிடிஸ். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, மேலும் படிவதைக் குறைக்கும், படிந்ததைக் கரைக்காது. விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. தினமும் காலையில் எடை பார்க்கிறோம். ஊறுகாய்க்காக அப்பா இன்னும் அம்மாவிடம் சண்டை போடுகிறார்.

இதே நிலையில் இருப்பவர்கள் வேறு மருத்துவரைப் பார்க்கப் போனால் எக்கோ பதிவான குறுந்தகடு, பழைய இ.சி.ஜி.க்கள், கை ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.