கேட்கச் சங்கடமான கேள்வி

நெஞ்சுவலியில் வியர்த்துக் கிடப்பவரிடம், மனைவி பக்கத்தில் நிற்கும்போதே, "சில்டெனாஃபில் மாதிரி ஏதாவது போட்டீர்களா?" என்று கேட்க வேண்டும். வயாகரா என்ற பெயரில் விற்கும் ஆண்மைக்குறைவு மாத்திரை அது. ஆம்புலன்ஸ் வேலையில் எனக்கு இதைவிடக் கூச்சமான கேள்வி இல்லை.

சேர்ந்த புதிதில் ஒருமுறை அதைக் கேட்காமலே, நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரின் பாட்டிலைத் திறந்துவிட்டேன். கூட வந்த சீனியர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மாத்திரைச் சீட்டுகளை எடுத்துவரச் சொல்லி அந்த அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, நோயாளியின் காதோடு கேட்டார். தலை மெல்ல அசைந்தது. முந்தைய இரவுதானாம்.

இரண்டு மருந்துமே ரத்தக்குழாய்களைத் தளர்த்துபவை. சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், அதே வகை மாத்திரையான டடலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரோகிளிசரின் பக்கமே போகக்கூடாது. பாட்டிலை மூடினேன். அலர்ஜி, ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று கேட்டுக்கொண்டு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தோம், மென்று விழுங்கச் சொல்லி. மென்றால்தான் சீக்கிரம் வேலை செய்யும்.

இப்போதெல்லாம் "எல்லோரிடமும் கேட்பதுதான்" என்று ஆரம்பித்துவிடுகிறேன். பெண்களிடமும் கேட்கிறேன். நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் அதே மருந்தைத்தான் தருகிறார்கள். அப்புறம் ஒன்று, கேட்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்கிறேன்.