மேலிருந்து கீழே இறங்கிய உளி

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் இருக்கிறது கழுகுமலை. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களில் பலர் அடிவாரத்து முருகனைக் கும்பிடத்தான் வருகிறார்கள். நான் வெட்டுவான் கோயிலைப் பார்க்க மலையேறினேன்.

இந்தக் கோயிலின் விமானம் முதலில் காலுக்குக் கீழேதான் தெரிகிறது. மலைச்சரிவில் ஏறக்குறைய 25 அடி ஆழத்துக்குப் பாறையைத் தோண்டி, நடுவில் விட்ட கல்லைக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். பாண்டியர் காலம், 8-ஆம் நூற்றாண்டு. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் அதே நூற்றாண்டில், அதே முறையில் மேலிருந்து கீழாக வெட்டப்பட்டதுதான். அளவில் அது பெரியது. ஆனால் அங்கே எரிமலைக் குழம்பு இறுகிய கல், இங்கே கருங்கல்.

மேலிருந்து வெட்டினால் சாரம் கட்ட வேண்டியதில்லை, நிற்கிற பாறையே தளம். ஆனால் சிகரத்தைச் செதுக்கும்போதே அதிட்டானம், அதாவது கோயிலின் அடித்தளம், எங்கே வரும் என்பது கல் தச்சர் மனதில் இருந்தாக வேண்டும். ஒரு மூக்கு உடைந்தால் ஒட்டவைக்க முடியாது. கருங்கல்லில் உளிமுனை சீக்கிரம் மழுங்கும். அதை உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து, மறுபடி முனை எடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த கொல்லர் இல்லாமல் இப்படி ஒரு கோயில் இல்லை.

தெற்கே தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். விரல்கள் தோலைத் தொடும் இடத்தை எவ்வளவு நேரம் பார்த்தேனோ! மேற்கே நரசிம்மர், வடக்கே பிரம்மா. மூலைகளில் நந்திகள், சுற்றிலும் பூதகணங்கள்.

அப்புறம் கண் கீழே இறங்குகிறது. அங்கே வேலை நின்றுவிட்டது. கொத்திய அம்மி மாதிரிப் புள்ளி புள்ளியாக உளித்தடங்கள், முடிவுபெறாத சுவர். என்னை அதிகம் கட்டிப்போட்டது இந்தப் பகுதிதான். முடிந்த சிற்பத்தில் தெய்வம் தெரிகிறது. இங்கே கை தெரிகிறது. எந்தக் கோணத்தில் உளி பிடித்தார்கள், எங்கே ஆழமாகப் பொளிந்தார்கள் என்று தடவிப் பார்க்கத் தோன்றியது. தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

சிற்பிகளான அப்பாவுக்கும் மகனுக்கும் போட்டி, அப்பா மகனைக் கொன்றார், அதனால் கோயில் நின்றுபோனது என்று ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனையோ பேர் குழி தோண்டி, கல் சுமந்து, உளி தீட்டிச் செய்த வேலையை அது இரண்டு பேரின் பொறாமையாகச் சுருக்கிவிடுகிறது.

அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக இருக்கிறார்கள். அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். அவசரப்படாமல் பாருங்கள். பாறை சூடேறுவதற்குள், காலையிலேயே ஏறிவிடுங்கள். கையில் தண்ணீர் இருக்கட்டும்.